ஓட்டை வட்டிலும் கடைமடைச் சிட்டம்மாவும்

எல்லா ஊர்லயும் முதல்ல ஒரு ராஜா இருந்தாரு, அப்புறந்தான் கதை வந்துச்சுன்னு ஜனங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க. இது ரொம்பப் பெரிய தப்பு. சும்மா விடக் கூடாது, உக்காந்து திருத்தணும். நீ படுத்துக்கிட்டே கேளு, திருத்துற வேலையை நான் பார்த்துக்கிறேன். எண்ணிப் பார்த்தா ராஜா இருந்த ஊரு கொஞ்சந்தான். ராஜா எட்டியே பார்க்காத ஊருதான் அதிகம். ஆனா ஓட்டை இல்லாத ஊரே கிடையாது. அதனால முறையா ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஊர்ல ஒரு ஓட்டை இருந்துச்சு.

சிரிக்காத. ம் கொட்டு.

ஓட்டைன்னா பெரிய ஓட்டை இல்ல. ஒரு கடுகு உள்ள போகும். ரெண்டு கடுகு சேர்ந்து வந்தா ஒண்ணு வெளியில நின்னு காத்திருக்கணும். அந்த ஓட்டை ஒரு செம்பு வட்டிலோட அடியில இருந்துச்சு. வட்டில்னா சின்னக் கிண்ணம். அதைத் தண்ணியில மிதக்க விட்டா ஓட்டை வழியா தண்ணி உள்ள ஏறும், குளுக், குளுக், குளுக். நிறைஞ்சதும் முளுக். அடியில போய் உக்காந்துக்கும். ஒரு ஆளு கட்டுச்சோத்தைப் பிரிச்சுச் சாப்பிட்டு, கை கழுவி, வெத்தலை போட்டு முடிக்கிற நேரம் ஆகும் அதுக்கு.

என்னத்துக்கா? அங்கதான் வர்றேன்.

அந்த ஊர்ல ஒரு கண்மாய். கண்மாய்த் தண்ணி ஊருக்கே பொது. அதனால ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வட்டில் நேரம் தண்ணி. உன் முறை வந்தா உன் வயலோட வாயைத் திறந்து விட்டுட்டு, கரைக்கு வந்து, மடைக்குப் பக்கத்துல இருக்கிற கல்தொட்டியில நீயே உன் கையால வட்டிலை மிதக்க விடணும். மிதக்குற வட்டிலை வேற யாரும் தொடக் கூடாது. முழுகினதும் அடுத்த முறைக்காரங்க எடுக்கணும். உன் கையால விட்டாச்சு, அப்புறம் குறைச்சலாப் பாஞ்சுச்சுன்னு நீ சண்டைக்கு வர முடியாது பாரு, அதுக்காகத்தான் இந்த ஏற்பாடு. முழுகாம வயல் வாயை யாராவது அடைச்சா, அவங்களுக்கு அடுத்த வருஷம் முறையே கிடையாது.

இதையெல்லாம் பார்த்துக்கிறதுக்கு ஒரு ஆளு. நீர்பாய்ச்சின்னு பேரு அந்த வேலைக்கு. அந்த ஊரு நீர்பாய்ச்சி பேரு மாயழகு. நீர்பாய்ச்சிக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழ சொந்தமா ஒரு குழி நிலங்கூட இருக்கக் கூடாது. நிலம் இருந்தா கை தன்னால அந்தப் பக்கம் திரும்பிரும்னு ஊருக்கு ஒரு பயம். அறுப்புல வயலுக்கு ஒரு கட்டுக் கதிர், அதான் அவருக்குக் கூலி. மாயழகு ரொம்பப் பேச மாட்டாரு. யாரு என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "வட்டில் முழுகட்டும்." மழை வருமான்னு கேட்டாலும் அதான். மக கல்யாணம் எப்பன்னு கேட்டாலும் அதான்.

ம்? சரி.

அப்புறம், கண்மாய்க்குள்ள ஒரு கல்லு நட்டிருந்தாங்க. அதுல ஒரு மீனு செதுக்கியிருக்கும். தண்ணி குறைஞ்சு குறைஞ்சு அந்த மீனோட முதுகு வெளியில தெரிஞ்சிருச்சுன்னா மடையை மூடிரணும். அதுக்குக் கீழ இருக்கிற தண்ணி மனுசங்களுக்கு இல்ல. மீனுக்கு, மாட்டுக்கு, நடுவுல கருவேல மரத்துல கூடு கட்டியிருக்கிற நாரைக்கு. நாரை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம். அதனால அந்த ஊர்ல யாரும் நாரையைப் பத்தி மரியாதைக் குறைவாப் பேச மாட்டாங்க, தலையில எச்சம் விழுந்தாக்கூட.

அந்த வருஷம் மழை கம்மி. எல்லாரும் பாய்ச்சி முடிச்சாச்சு, பாக்கி நாலே நாலு வயல். மாயழகு தண்ணியில இறங்கி, கல்லு மேல விரலை வச்சு அளந்தாரு. மீன் முதுகுக்கு மேல ஆறு விரல் தண்ணி. ஒரு வட்டில் முழுகுறதுக்குள்ள ஒரு விரல் குறையும். நாலு வயலுக்கு நாலு விரல். மிச்சம் ரெண்டு விரல் யாருக்குன்னு கேளு. வெயிலுக்கு. வெயிலு குடிக்கும்ல தினமும்? அதுக்கும் பங்கு ஒதுக்கி வைக்கிற ஊரு அது.

அந்த நாலு வயல்ல முதல் வயல் உடையப்பனோடது. ரெண்டாவது ஒச்சப்பனோடது. மூணாவது சின்னக்காளையோடது. கடைசி வயல், எல்லாத்துக்கும் பள்ளத்துல இருக்கிறது, சிட்டம்மாவோடது. கடைமடைக்குத் தண்ணி எப்பவும் கடைசியாத்தான் வரும், அதனால அவ நட்டதும் எல்லாருக்கும் பிந்தித்தான். மத்த வயல்ல கதிர் முத்திப்போச்சு. அவ நெல்லு அப்பத்தான் பால் பிடிக்குது. அந்த நேரத்துல ஒரு தண்ணி கிடைக்கலேன்னா அத்தனையும் பதரு. அந்த நெல்லுதான் அவளுக்கும் அவ மாமியாளுக்கும் ஒரு வருஷத்துச் சோறு. ஒரே ஒரு வட்டில் தண்ணி, அவ்வளவுதான் அவளுக்கு வேணும்.

கால் மேல காலைப் போடாத, தூக்கம் வராது.

முதல்ல உடையப்பன் முறை. உடையப்பனுக்கு வயலுக்குப் பக்கத்துல ஒம்பது வாழை. வயலுக்குத்தான் முறை உண்டு, வாழைக்குக் கிடையாது. அவரு என்ன பண்ணாரு, மடியில வச்சிருந்த கருப்பட்டியில ஒரு கிள்ளு எடுத்து ஓட்டையில அமுக்கி வச்சு, வட்டிலை மிதக்க விட்டாரு. வட்டில் தேமேன்னு மிதக்குது. குளுக்கும் இல்ல, முளுக்கும் இல்ல. உடையப்பன் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு, இந்த வருஷம் நாரை அதிகம்னு பேசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் கருப்பட்டி மெல்லக் கரைஞ்சுச்சு. குளுக், குளுக், முளுக். மாயழகு போய் விரலை வச்சுப் பார்த்தாரு. ஒரு விரல் குறையணும், ஒன்றரை விரல் குறைஞ்சிருந்துச்சு.

அடுத்து ஒச்சப்பன் வட்டிலை எடுத்தாரு. அடியில பிசுபிசுன்னு இருந்துச்சு. விரலால தொட்டு நக்கிப் பார்த்தாரு. இனிப்பு. அவருக்குக் கோபம் வந்துச்சு. வந்து, உடனே போயிருச்சு, ஏன்னா அதைவிட நல்ல யோசனை ஒண்ணு வந்துச்சு. கருப்பட்டி கரையும். கேப்பைக்களி அவ்வளவு சீக்கிரம் கரையுமா? தூக்குச்சட்டியில மதியத்துக் களி இருந்துச்சு. ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டையை அடைச்சு விட்டாரு.

வட்டில் மிதக்குது. மிதக்குது. இன்னும் மிதக்குது. ஒச்சப்பன் சாப்பிட்டாரு, கை கழுவினாரு, வெத்தலை போட்டாரு, துப்பினாரு, இன்னொரு வெத்தலையும் போட்டாரு. அவரோட தென்னங்கன்னுக்கெல்லாம் தண்ணி போய்ச் சேர்ந்துச்சு. ஆனா அந்தக் கல்தொட்டியில மூணு அயிரை மீனு குடியிருந்துச்சு. ஒச்சப்பன் அதை நினைக்கல. அயிரை வந்து அடியில முட்டி முட்டி, பொளக் பொளக்குனு களியைத் தின்னு தீர்த்திருச்சு. குளுக், குளுக், முளுக். மாயழகு விரலை வச்சாரு. இதுல ரெண்டு விரல் போச்சு. மீன் முதுகுக்கு மேல மீதி ரெண்டரை விரல்.

சிட்டம்மா கரையில நின்னு பார்த்துக்கிட்டேயிருக்கா. மாயழகுகிட்டப் போய், அண்ணே, நேரம் கூடக்கூடப் போகுதேன்னு கேட்டா. அவரு பதில் உனக்கே தெரியும்.

சொல்லு பார்ப்போம். ம், அதேதான்.

மூணாவது சின்னக்காளை. வட்டிலை எடுத்துப் பார்த்தாரு. ஓரத்துல துளிக் களி ஒட்டியிருந்துச்சு. தொட்டியைப் பார்த்தாரு. அயிரை மூணும் வயிறு புடைச்சுக்கிட்டு நீந்துது. அவரு புத்திசாலி, எல்லாம் புரிஞ்சுபோச்சு. கருப்பட்டின்னா கரையும், களின்னா மீனு திங்கும். கரையாதது எது, மீனு திங்காதது எது? முந்தின நாள் புளியமரத்துல தேன் எடுத்தவரு அவரு. வேட்டி மடிப்புல மெழுகு இருந்துச்சு. ஒரு உருண்டை உருட்டி, ஓட்டையில வச்சு, கட்டை விரலால அமுக்குனாரு பாரு ஒரு அமுக்கு.

அவரு வயலுக்குத் தண்ணியே அவ்வளவு தேவையில்ல, தெரியுமா? கதிர் தலை சாஞ்சு நிக்குது, பத்து நாள்ல அறுப்பு. ஈரம் காட்டினாப் போதும். ஆனா ரெண்டு பேரு கூட எடுத்த பிறகு தான் மட்டும் அளவா எடுத்தா நல்லாவா இருக்கும்?

அப்புறம் வட்டில் மிதந்துச்சு. சின்னக்காளை சந்தோசமா வயலுக்குப் போயிட்டாரு. சிட்டம்மா தொட்டிகிட்ட வந்து எட்டிப் பார்த்தா. வட்டிலுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு எறும்பு உள்ள காலாற நடந்துக்கிட்டிருக்கு. அடுத்த முறைக்காரி அவதான், ஆனா முழுகாம எடுக்கக் கூடாது. மிதக்குற வட்டிலைத் தொட மாயழகுக்கும் பாத்தியதை கிடையாது. விட்ட ஆளுதான் தொடலாம்.

"உள்ள எறும்பு நடக்குதுண்ணே," அப்படின்னா.

"வட்டில் முழுகட்டும் தாயி," அப்படின்னாரு மாயழகு. ஆனா இந்தத் தடவை அவரு அவளைப் பார்க்கல. சின்னக்காளை வயலைப் பார்த்தாரு. அங்க தண்ணி வரப்பு உசரத்துக்கு வந்து பளபளன்னு நிக்குது.

சிட்டம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தா. அப்புறம் மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா அங்க போனா. சண்டை போடப் போனான்னுதானே நினைக்கிற? எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அவ போய், மாமா உங்க ராசியே ராசி, வட்டில் முழுகவே மாட்டேங்குது, இன்னிக்குக் கண்மாயே உங்களுக்குத்தான்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டு, கீழ இறங்கித் தன் வயல் ஓரத்துல உக்காந்துக்கிட்டா. ரெண்டு வயலுக்கும் நடுவுல ஒரே வரப்பு. அவரு மேல, இவ கீழ.

தண்ணி வருது. சளசளசள. வரப்பு வழியப் போகுது. சின்னக்காளை சேத்தை அள்ளி அள்ளி வரப்பை உசத்துனாரு, சிட்டம்மாவுக்கு ஒரு சொட்டும் போயிரக் கூடாதுன்னு. சப்பு, சப்பு. அவரு ஒரு சாண் உசத்துனா தண்ணியும் ஒரு சாண் ஏறுது. அப்போ கதிர் ஒண்ணொண்ணாச் சாய ஆரம்பிச்சுச்சு. பத்து நாள்ல அறுக்கிற கதிர் தண்ணியில விழுந்தா என்னாகும்? வயல்லயே முளைச்சிரும். அறுக்க நெல்லு இருக்காது, நாத்துத்தான் இருக்கும்.

ஓடினாரு கரைக்கு. மாயழகுகிட்ட, எனக்குப் போதும்யா, வயல் வாயை அடைச்சுக்கிறேன்னாரு.

"வட்டில் முழுகட்டும்."

திரும்ப வயலுக்கு ஓடினாரு. நாலு வரி சாஞ்சுபோச்சு. திரும்பக் கரைக்கு ஓடினாரு. ஐயா, என் முறைதானே, நானே போதும்ங்கிறேன்ல, அப்படின்னாரு.

"நீங்க சொன்னாப் போதுமா? வட்டில் சொல்லணும்," அப்படின்னாரு மாயழகு. அவரு அவ்வளவு நீளமாப் பேசி அன்னிக்குத்தான் கேட்டாங்க.

மெழுகை எடுத்துவிட்டுறலாம். ஆனா தொட்டியைச் சுத்தி இப்போ எட்டுப் பேரு நிக்கிறாங்க. உடையப்பனும் ஒச்சப்பனுந்தான் முன்னால நிக்கிறாங்க, ஒண்ணுமே தெரியாத மூஞ்சியை வச்சுக்கிட்டு.

மறுபடி வயலுக்கு ஓடி வந்தாரு. அவரு வரப்பு ஓரத்துல ஒரு பூசணிக்கொடி. அதுல இருந்த காயி தொபுக்குனு தண்ணியில விழுந்து, மிதந்து மிதந்து வரப்புகிட்ட வந்து நின்னுச்சு. சின்னக்காளை கீழ பார்த்தாரு. சிட்டம்மா உக்காந்திருக்கா. அப்போதான் அவருக்கு வழி தோணுச்சு. வரப்பை வெட்டி விட்டா தண்ணி கீழ போயிரும்.

ஏ சிட்டம்மா, உன் வயலுக்குத் தண்ணி வேணும்லன்னு கேட்டாரு.

"ஐயையோ, வேணாம் மாமா. உங்க முறைத் தண்ணி. நான் தொட்டா ஊரு என்னைப் பேசாதா?"

பரவாயில்ல எடுத்துக்கன்னாரு. என் முறை வரட்டும், காத்திருக்கிறேன், கடைமடைக்காரிக்குக் காத்திருக்கிறது ஒண்ணும் புதுசில்லன்னு சொல்லிட்டு, அவ பக்கத்துல இருந்தும் வரப்புக்கு ரெண்டு மம்பட்டி மண்ணு அள்ளி வச்சா. சொத், சொத். மேல இன்னும் ரெண்டு வரி சாஞ்சுச்சு. சின்னக்காளைக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிருச்சு. ஒரு ஊர்ல கடைமடைக்காரியைப் பார்த்து, தாயே தண்ணி எடுத்துக்கன்னு மேல் வயல்காரரு கெஞ்சினது அதுதான் முதல் தடவை.

மூணாவது தடவையும் கெஞ்சினாரு.

"நான் கேட்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது," அப்படின்னா சிட்டம்மா. "நீங்களா உங்க கையால வெட்டி விட்டா, நான் என்ன பண்ண முடியும்? பள்ளத்துல இருக்கிறவ."

வெட்டினாரு. சொதக். தண்ணி கீழ இறங்குச்சு, குபுகுபுகுபு. பால் பிடிக்கிற நெல்லு வேருக்கெல்லாம் போச்சு, மூலை வரைக்கும் போச்சு. பூசணிக்காயும் அதோடயே உருண்டு வந்து சிட்டம்மா காலடியில நின்னுச்சு. மேல தேங்கி நின்ன தண்ணியாச்சே, அவ வயல் நிறையுறதுக்கு அரை வட்டில் நேரங்கூட ஆகல. நிறைஞ்சதும் எந்திரிச்சா. எனக்குப் போதும் மாமான்னு சொல்லி, வெட்டின இடத்தை மண்ணு போட்டு அடைச்சு, காலால மிதிச்சும் விட்டா.

மேல மறுபடி தண்ணி ஏறுது.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, இதை மட்டும் கேட்டுட்டுத் தூங்கு.

சின்னக்காளைக்கு வேற வழியில்ல. கரைக்கு ஓடி, எட்டுப் பேரையும் விலக்கிக்கிட்டுப் போய், வட்டில்ல ஏதோ தூசி அடைச்சிருக்கு போலன்னு சொல்லி, நகத்தால நோண்டி எடுத்தாரு. குளுக், குளுக், குளுக். முளுக். எறும்பு மட்டும் தப்பிச்சு அவரு கையில ஏறிக்கிச்சு. மாயழகு அவரு விரலைப் பிடிச்சு மோந்து பார்த்தாரு.

"தூசி தேன் வாசனை அடிக்குதே," அப்படின்னாரு.

அப்போ சின்னக்காளைக்குக் கோபம் வந்துச்சு. நான் மட்டுமா, ஒச்சப்பன் களி வைக்கலையான்னாரு. உடனே ஒச்சப்பன், எனக்கு முன்னாடி உடையப்பண்ணன் கருப்பட்டி வச்சாரே, நக்கிப் பார்த்தேனேன்னாரு. உடையப்பன் நாரையைப் பார்த்தாரு. நாரை அவருக்குச் சாட்சி சொல்ல வரல.

வட்டிலைக் கெடுத்தவங்களுக்கு அந்த ஊர்ல என்ன தண்டனைன்னா, மடையில இருந்து கடைமடை வரைக்கும் வாய்க்கால் தூரை ஒத்தை ஆளா வாரணும். இவங்க மூணு பேரு. சேர்ந்து வார்றதா, ஆளுக்கொரு தடவை வார்றதான்னு ஒரு வழக்கு வந்துச்சு. ஆளுக்கொரு தடவைதான்னு ஊரு சொல்லிருச்சு. ஒரே கோடையில மூணு தடவை வாருன வாய்க்கால் அந்தப் பக்கத்துலயே வேற எங்கயும் கிடையாது.

அப்புறம் மாயழகு கண்மாயில இறங்கி விரலை வச்சாரு. மீன் முதுகுக்கு மேல அரை விரல். கரையேறி வந்து வட்டிலைக் காட்டி, உன் முறை தாயி, எடுத்து விடுன்னு, கரைக்கு வந்து நின்ன சிட்டம்மாகிட்டச் சொன்னாரு. முறைன்னா முறைதானே. அவ வட்டிலை எடுத்துத் துடைச்சா. கண்மாயைப் பார்த்தா. அவ வயலு நனைஞ்சாச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டா அவ கதிருக்கும் சின்னக்காளை கதிரோட கதிதான். அங்க நாரைக்குஞ்சு வேற கத்துது. வட்டிலைக் கவுத்து வச்சுட்டா.

"என் முறையை வெயிலுக்குக் குடுத்துட்டேண்ணே. ரெண்டு விரல் அதுக்குக் கடன் இருக்குல்ல."

மாயழகு மடையை மூடினாரு. அப்புறம் மழை வர்ற வரைக்கும் மீன் முதுகு தெரிஞ்சுச்சு, வயிறு தெரியல. சிட்டம்மா நெல்லு முத்தி, கடைசியா அறுத்தா. மாயழகுக்கு ஒரு கட்டுக் கதிர் குடுத்தா, அதோட பாதிப் பூசணிக்காயும்.

இப்பவும் அந்த ஊர்ல யாரு முறை வந்தாலும், வட்டிலை மிதக்க விடுறதுக்கு முன்னாடி மேல தூக்கி, ஓட்டை வழியா வானம் தெரியுதான்னு ஒருத்தர் பார்க்கணும். சின்னக்காளை வீட்டு ஆளுங்க முறை வந்தா ரெண்டு பேரு பார்க்கிறாங்க.

ம்?

ம் வரல. வட்டில் முழுகிருச்சு, மடையை மூடியாச்சு.